மாட்யூல் பிரிப்பில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரு சின்ன மாற்றம்தான். இன்வாய்ஸில் தள்ளுபடி விவரத்தைத் தனியாகக் காட்ட வேண்டும். அரை நாள் வேலை என்று சொல்லி ஆரம்பித்து, நாலு ஃபோல்டரில் பதினோரு ஃபைலைத் திறந்து, சம்பந்தமே இல்லாத ஸ்டாக் பக்கத்து டெஸ்ட் உடைந்து, அதைச் சரிசெய்யப் போய் நோட்டிஃபிகேஷன் போகாமல் நின்று, பார்த்தால் வியாழக்கிழமை ஆகியிருக்கும். இந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் உடனே உங்கள் திறமையைச் சந்தேகிக்க வேண்டாம். மாட்யூல்களுக்கு (நிரலைப் பிரித்துவைத்த தனித்தனிப் பகுதிகளுக்கு) நடுவே எல்லை போட்டவர்கள் அதைத் தப்பான இடத்தில் போட்டிருக்கலாம். அந்த இடத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எப்படிச் சரிசெய்வது என்பது வேறு கதை, அதில் இப்போது இறங்கவில்லை.

முதலில் ஒன்று: இது ரசனை சார்ந்த சண்டை இல்லை. "இந்த டிசைன் எனக்குப் பிடிக்கவில்லை" என்று மீட்டிங்கில் சொன்னால் எதிரில் இருப்பவர் "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கையில் எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். எண் எடுக்க முடியும், அதுவும் பெரும்பாலும் இலவசமாக.

வரைபடத்தை மூடி வையுங்கள்

எல்லோரும் ஆர்கிடெக்சர் வரைபடத்தைத் திறந்துகொண்டுதான் ஆரம்பிப்பார்கள். பெட்டிகள், அம்புகள், மேலிருந்து கீழே அழகான அடுக்குகள். அந்தப் படம் நாம் என்ன செய்ய நினைத்தோம் என்பதைச் சொல்கிறது, என்ன செய்தோம் என்பதை அல்ல. நான் பார்த்த வரையில் படம் வரைந்து ஆறு மாதம் தாண்டினால் அதை நம்பக் கூடாது.

அதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. படத்தில் மாட்யூல்களை வேலை நடக்கும் வரிசையில் பிரித்திருப்பார்கள்: உள்ளீடு வாங்குவது, சரிபார்ப்பது, கணக்கிடுவது, சேமிப்பது, வெளியே காட்டுவது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். 1972இல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரையில் இதே பழக்கத்தைத்தான் பிடித்தார். அவர் எடுத்துக்கொண்டது சின்ன நிரல். சில வரிகளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் உள்ள சொற்களைச் சுழற்றி எத்தனை வடிவம் வருமோ அத்தனையையும் உண்டாக்கி, எல்லாவற்றையும் அகரவரிசைப்படுத்தித் தரும், அவ்வளவுதான். அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று வேலை நடக்கும் வரிசைப்படி. இன்னொன்றில், பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவைத்தார். இரண்டுமே வேலை செய்யும் பிரிப்புகள்தான். ஆனால் வரிகளை நினைவகத்தில் வைக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று வந்தால் முதல் பிரிப்பில் எல்லா மாட்யூலையும் தொட வேண்டும், இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் போதும்.

ஆக, ஒரு மாற்றம் வரும்போது அது எல்லைக்குள் அடங்குகிறதா, எல்லை தாண்டி வழிகிறதா என்பதுதான் அளவுகோல். கோட் படிக்க அழகாக இருக்கிறதா, ஃபோல்டர் பெயர் பொருத்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். மாற்றங்கள் எல்லாம் எங்கே பதிவாகியிருக்கின்றன? கமிட் வரலாற்றில் (கோடில் சேமித்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்). அதனால் தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

எது எதோடு சேர்ந்து மாறுகிறது

கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) லாகில் நேம்-ஒன்லி என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டிலும் எந்தெந்த ஃபைல் மாறியது என்று பெயர்களை மட்டும் கொட்டும். கடைசி ஒரு வருடத்துக்கு அதை எடுங்கள். வேகமாக நகரும் ப்ராஜெக்ட் என்றால் ஆறு மாதமே போதும், மூன்று வருடத்துக்கு எடுத்தால் இறந்துபோன டிசைனின் புள்ளிவிவரமும் அதில் கலந்துவிடும். அப்புறம் முப்பது நாற்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு ஜோடி ஃபைலும் எத்தனை கமிட்டில் சேர்ந்தே வந்தது என்று எண்ணுங்கள்.

எண்ணுவதற்கு முன் சுத்தம் செய்வது முக்கியம், இதை விட்டால் குப்பைதான் கிடைக்கும். ஃபார்மேட்டரை ஓட்டிய கமிட், ஃபோல்டர் பெயர் மாற்றிய கமிட், லைசென்ஸ் தலைப்பைச் சேர்த்த கமிட் எல்லாம் நூற்றுக்கணக்கான ஃபைலைத் தொட்டிருக்கும். முப்பது ஃபைலுக்கு மேல் தொட்ட கமிட்டை அப்படியே தூக்கிப் போடுங்கள் (முப்பது என்பது என் வழக்கம், உங்கள் ரெப்போவுக்கு, அதாவது கோட் களஞ்சியத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள்). ஒரே வேலையை ஐந்து கமிட்டாக உடைத்துப் போடும் டீம் என்றால் கமிட்படி எண்ணாமல் டிக்கெட் (வேலைக் கோரிக்கை) எண்படி சேர்த்து எண்ணுங்கள். பல ரெப்போக்களில் கோட் சிதறிக் கிடந்தால் டிக்கெட் எண்தான் ஒரே வழி. ஒரே மாட்யூலுக்குள் இருக்கும் ஜோடிகளையும், ஃபைலும் அதன் டெஸ்ட்டும் சேர்ந்த ஜோடிகளையும் நீக்கிவிடுங்கள். அவை சேர்ந்து மாறத்தான் வேண்டும். நமக்கு வேண்டியது எல்லை தாண்டும் ஜோடிகள் மட்டும்.

இப்போது ஓர் உதாரணம். ஆர்டர் மாட்யூலில் விலை கணக்கிடும் ஃபைல் 40 முறை மாறியிருக்கிறது. இன்வாய்ஸ் மாட்யூலில் தொகை அச்சிடும் ஃபைல் 25 முறை. இரண்டும் சேர்ந்து மாறியது 20 முறை. இன்வாய்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் 25இல் 20, அதாவது 80 சதவீதம். ஆர்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் 40இல் 20, பாதிதான். இந்த ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். இன்வாய்ஸ் ஃபைலுக்குச் சொந்தமாக மாறுவதற்குக் காரணமே அதிகம் இல்லை, ஆர்டர் இழுத்த இழுப்புக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஃபைலில் விலைக் கணக்கின் ஒரு துண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட திறக்காமலேயே சொல்லலாம். திறந்து பார்த்தால் பல சமயம் தள்ளுபடியை இரண்டாம் முறை கணக்கிடும் ஆறு வரி உள்ளே இருக்கும்.

சேர்ந்து மாறிய எண்ணிக்கை மூன்று நான்கு என்று இருந்தால் விட்டுவிடுங்கள், தற்செயலாக இருக்கும். மேலே இருந்து பத்துப் பதினைந்து ஜோடிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கமிட்டைத் திறந்து, ஏன் இரண்டையும் மாற்றினார்கள் என்று படியுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். ஸ்கிரிப்ட் ஒரு மணி நேர வேலை, படிப்பது ஒரு நாள் வேலை, கண்டுபிடிப்பு முழுக்க அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

இம்போர்ட் வரைபடம்

அடுத்தது, யார் யாரை இம்போர்ட் செய்கிறார்கள் (ஒரு ஃபைல் இன்னொன்றில் உள்ளதை எடுத்துப் பயன்படுத்துவது) என்று பார்ப்பது. ஜாவா என்றால் ஜேடெப்ஸ் என்ற கருவி ஜேடிகே (ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பு) 8 முதல் கூடவே வருகிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு மேட்ஜ், டிபென்டன்சி குரூசர் இருக்கின்றன. பைத்தானில் இம்போர்ட் வரிகளைத் தேடி எடுத்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடும். ஃபைல் அளவில் படம் வரைந்தால் நூல் உருண்டையைப் பூனை கலைத்த மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. மாட்யூல் அளவுக்குச் சுருக்குங்கள், பத்து முதல் இருபது பெட்டி. ஒவ்வோர் அம்பின் மேலும் அது எத்தனை இம்போர்ட்டைக் குறிக்கிறது என்ற எண்ணை எழுதுங்கள். இந்த எண் பின்னால் உதவும்.

இருபது பெட்டிக்கு மேல் போனால் படத்தை விட்டுவிட்டு அட்டவணைக்கு வந்துவிடுங்கள். வரிசையிலும் நெடுவரிசையிலும் அதே மாட்யூல்கள், அதே ஒழுங்கில். எது எதைச் சார்ந்திருக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. மற்றவர்களை அதிகம் பயன்படுத்துபவை மேலே, மற்றவர்களால் அதிகம் பயன்படுத்தப்படுபவை கீழே வருகிற மாதிரி அடுக்கினால், ஒழுங்கான அமைப்பில் புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டத்துக்கு ஒரே பக்கத்தில் விழும். எதிர்ப்பக்கம் விழுந்த புள்ளிகளைத்தான் நாம் தேடுகிறோம். இந்த அட்டவணை முறையை வைத்துத்தான் மெக்கார்மக், ரஸ்னக், பால்ட்வின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் லினக்ஸையும் மோஸில்லாவையும் ஒப்பிட்டார்கள். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில், மோஸில்லாவின் முதல் பதிப்பைவிட லினக்ஸ்தான் நன்றாகப் பிரிந்திருந்தது. ஆனால் மோஸில்லாவை வேண்டுமென்றே மறுவடிவமைப்பு செய்த பிறகு அது லினக்ஸையே மிஞ்சிவிட்டது. கையில் இருக்கும் குப்பையைப் பார்த்து மனசு விட்டுப்போகும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

எதிர்ப்பக்கப் புள்ளி என்றால் பெரும்பாலும் சுழற்சி. ஆர்டர் ஸ்டாக்கை அழைக்கிறது, ஸ்டாக் வேர்ஹவுஸை அழைக்கிறது, வேர்ஹவுஸ் திரும்ப ஆர்டரை அழைக்கிறது. இந்த மூன்றும் பெயரளவில்தான் மூன்று. ஒன்றைத் தனியாக டெஸ்ட் செய்ய முடியாது, தனியாக எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது, ஒன்றைப் புரிந்துகொள்ள மற்ற இரண்டையும் படித்தாக வேண்டும். சுழற்சியைக் கண்டுபிடித்ததும் அம்புகளின் மேல் எழுதிய எண்ணைப் பாருங்கள். ஆர்டரிலிருந்து ஸ்டாக்குக்கு 140, ஸ்டாக்கிலிருந்து வேர்ஹவுஸுக்கு 60, வேர்ஹவுஸிலிருந்து ஆர்டருக்கு 3 என்று இருந்தால், தப்பு அந்த 3 இம்போர்ட்டில்தான் இருக்கும். அதைத் திறந்தால் ஒரு எனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்), ஒரு எக்ஸெப்ஷன் கிளாஸ், தேதியை வடிவமைக்கும் ஒரு குட்டி ஃபங்ஷன், இப்படி ஏதாவது கிடக்கும். மூன்று அம்புகளும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது ஒரே மாட்யூல், யாரோ மூன்று ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள்.

கோ மொழியில் கம்பைலரே பேக்கேஜ் சுழற்சியை அனுமதிக்காது, ஜாவா 9இல் வந்த மாட்யூல் முறையிலும் சுழற்சி இருந்தால் கம்பைல் ஆகாது. அதனால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். கம்பைலர் திட்டினால் ஆட்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பக்கத்துக்கும் பொதுவான டைப்களை எடுத்து "டைப்ஸ்" அல்லது "காமன்" என்று மூன்றாவது பேக்கேஜில் போடுவார்கள். படத்தில் சுழற்சி போய்விடும். ஆனால் ஒரு ஃபீல்டு சேர்க்க இப்போது மூன்று இடத்தைத் தொட வேண்டும். முன்னால் எண்ணிய ஜோடிகளில் அது அப்படியே வந்து நிற்கும்.

உண்மையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம். இம்போர்ட் இருக்கிறது, ஆனால் சேர்ந்து மாறுவதில்லை என்றால் அருமை, இடையில் உள்ள இன்டர்ஃபேஸ் (மாட்யூல் வெளியே காட்டும் முகப்பு) நன்றாகப் பிடித்து நிற்கிறது. இம்போர்ட்டும் இருக்கிறது, சேர்ந்தும் மாறுகிறது என்றால் இன்டர்ஃபேஸ் ஒழுகுகிறது, உள் விவரம் வெளியே தெரிகிறது. இம்போர்ட்டே இல்லை, ஆனால் சேர்ந்து மாறுகிறது என்றால் அங்கே கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று தயாராக இருங்கள். எந்தக் கருவியின் படத்திலும் வராத தொடர்பு அது.

படத்தில் வராத தொடர்புகள்

முதல் சந்தேகம் எப்போதும் டேட்டாபேஸ் மேல்தான். ஒரு தாளை எடுத்து (ஸ்ப்ரெட்ஷீட் என்றாலும் சரி) வரிசையில் டேபிள் பெயர்கள், நெடுவரிசையில் மாட்யூல்கள் போடுங்கள். படிக்கிறது என்றால் ஒரு குறி, எழுதுகிறது என்றால் வேறு குறி. எஸ்க்யூஎல் வரிகளிலும் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) ஓஆர்எம் மாடல்களிலும் (டேபிளைக் கோடில் கிளாஸாகக் காட்டுபவை) டேபிள் பெயரைத் தேடினால் இதை நிரப்பிவிடலாம். ஸ்டோர்டு ப்ரொசீஜர், ரிப்போர்ட் ஸ்கிரிப்ட், ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப் ஆகியவற்றை மறந்துவிடாதீர்கள், குட்டு வெளிப்படுவது அங்கேதான். ஒரு டேபிளில் இரண்டு மாட்யூல்கள் எழுதினால் அந்த இரண்டுக்கும் நடுவே எல்லை கிடையாது, இம்போர்ட் படம் என்ன சொன்னாலும் சரி. படிப்பது மட்டும் என்றால் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றும் நாளில் தெரியும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு சர்வீஸ்கள், தனித்தனி ரெப்போ, தனித்தனி டீம், நடுவில் நேரடி அழைப்பு ஒன்றுகூட இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஒரே டேபிளில் ஸ்டேட்டஸ் என்ற நெடுவரிசையில் ஒருவர் 3 என்று எழுதுவார், மற்றவர் 3 என்றால் என்ன என்று தன் கோடில் நேரடியாக எழுதி வைத்திருந்தார். யாரோ நடுவில் ஒரு நிலையைச் சேர்த்து எண்களை ஒன்று தள்ளினார்கள். அனுப்பாத ஆர்டர்கள் எல்லாம் அனுப்பியதாகக் காட்ட ஆரம்பித்தன. இரண்டு டீமும் தங்கள் டெஸ்ட் எல்லாம் பச்சை என்று சத்தியம் செய்தார்கள், உண்மைதான்.

இதே மாதிரி தேட வேண்டியவை: கேஷ் கீ, கான்ஃபிக் கீ, என்விரான்மென்ட் வேரியபிள், தற்காலிக ஃபோல்டரில் ஒருவர் போட்டு இன்னொருவர் எடுக்கும் ஃபைல். இப்படிப்பட்ட பெயர் ஒவ்வொன்றையும் முழு ரெப்போவிலும் தேடி, இரண்டு மாட்யூலில் தட்டுப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈவென்ட் ("இது நடந்தது" என்று பொதுவாக விடும் அறிவிப்பு) வைத்து எழுதிய அமைப்புகள் இன்னும் தந்திரமானவை. "எங்களிடம் மாட்யூல்கள் ஒன்றையொன்று அழைப்பதே இல்லை, எல்லாம் ஈவென்ட்" என்பார்கள். சரி, ஆர்டர் ஒரு ஈவென்ட் விடுகிறது, ஸ்டாக் அதைக் கேட்டு வேறொன்றை விடுகிறது, அதை ஆர்டர் கேட்டுத் தன் நிலையை மாற்றுகிறது. இது சுழற்சி இல்லாமல் வேறென்ன? ஈவென்ட் பெயர்களைப் பட்டியலிட்டு, யார் விடுகிறார், யார் கேட்கிறார் என்று அதே அட்டவணையில் சேருங்கள். டிபென்டன்சி இன்ஜெக்ஷன் கன்டெய்னர் (எந்த கிளாஸுக்கு எது வேண்டுமோ அதை ஓடும்போது கொண்டுவந்து கொடுக்கும் கருவி) பயன்படுத்தினால் அதன் கான்ஃபிக் ஃபைலிலிருந்தும் அம்புகளை எடுங்கள், இல்லாவிட்டால் படம் பொய்யாகச் சுத்தமாகத் தெரியும்.

எந்தத் தேடலிலும் அகப்படாத வகை ஒன்று உண்டு: எழுதாத ஒப்பந்தம். இந்த ஃபங்ஷனை அழைப்பதற்கு முன் அதை அழைத்திருக்க வேண்டும், இந்தப் பட்டியல் தேதி வரிசையில் வரும், இந்தத் தொகை பைசாவிலா ரூபாயிலா என்பது மாதிரி. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் போனது இதில்தான். தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை விநாடியில் தந்தது, அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது, கிட்டத்தட்ட 4.45 மடங்கு வித்தியாசம். இடையில் போனது வெறும் எண். அலகு என்ன என்று ஆவணத்தில் இருந்தது, டேட்டாவில் இல்லை. எல்லை தாண்டிப் போகும் ஒவ்வோர் எண்ணையும், சரத்தையும், தேதியையும் எடுத்து "இதன் அலகு, வரிசை, நேர மண்டலம் கோடில் எங்காவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். அலுப்பான வேலைதான். பணமும் நேரமும் கடக்கும் எல்லைகளில் மட்டுமாவது செய்யுங்கள்.

சில கைவைத்தியங்கள்

ஒரு மாட்யூலுக்குள் இன்னொரு மாட்யூலின் சொல்லைத் தேடுங்கள். ஸ்டாக் ஃபோல்டருக்குள் "இன்வாய்ஸ்" என்று தேடினால் ஒன்றும் வரக் கூடாது. வந்தால், அழைக்கப்படுகிறவருக்குத் தன்னை அழைக்கிறவர் யார் என்று தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். "இன்வாய்ஸிலிருந்து வந்ததா" என்று ஒரு பூலியன் பாராமீட்டர் இருக்கும், உள்ளே ஒரு இஃப் இருக்கும். அஞ்சு நிமிட வேலை, எனக்கு இது ஒருமுறைகூட வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அடுத்தது அழித்துப் பார்ப்பது. தனி பிராஞ்ச் எடுத்து, மாட்யூலின் ஃபோல்டரை மொத்தமாக நீக்கிவிட்டு பில்டு போடுங்கள். எத்தனை எரர், எந்தெந்த இடத்தில் என்று பாருங்கள். நோட்டிஃபிகேஷன் மாதிரி ஓரத்தில் இருக்க வேண்டிய மாட்யூலை எடுத்ததும் நாற்பது ஃபைலில் எரர் வந்தால் அது ஓரத்தில் இல்லை. டைப் சோதனை இல்லாத மொழிகளில் லின்ட்டும் (கோடை ஓட்டாமலே குறை தேடும் கருவி) டெஸ்ட்டும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு துல்லியமாக வராது.

டெஸ்ட் ஃபைல்களில் மாக் (நிஜத்துக்குப் பதிலாக நடிக்கும் போலி ஆப்ஜெக்ட்) எத்தனை என்று எண்ணி வரிசைப்படுத்துங்கள். ஒரு கிளாஸைச் சோதிக்க ஏழு பேரை நடிக்க வைக்க வேண்டியிருந்தால் அந்த கிளாஸ் ஏழு பேரின் குடும்ப விவகாரத்தில் தலையிடுகிறது.

"யுடில்ஸ்", "காமன்", "ஷேர்டு", "ஹெல்பர்" என்று ஃபோல்டர் இருந்தால் (இருக்கும்) அதைத் தனியாக உட்கார்ந்து பிரித்து மேயுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனையும் எத்தனை மாட்யூல்கள் பயன்படுத்துகின்றன? ஒன்றே ஒன்று என்றால் அது வழிதவறி வந்தது, வீட்டுக்கு அனுப்பலாம். ஒரே மூன்று மாட்யூல்கள் ஒரே எட்டு ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் அந்த எட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, யாரும் இன்னும் வைக்கவில்லை. அப்புறம் அந்த ஃபோல்டர் வெளியே எதை இம்போர்ட் செய்கிறது என்றும் பாருங்கள். யுடில்ஸ் போய் ஆர்டரை இம்போர்ட் செய்தால், யுடில்ஸைத் தொடும் எல்லோரும் ஆர்டரைத் தொடுகிறார்கள்.

மெட்ரிக்ஸ் பற்றியும் கேட்பீர்கள். மென்பொருள் எழுத்தாளர் ராபர்ட் மார்ட்டின் சொன்ன நிலையின்மை அளவு பிரபலம்: வெளியே போகும் சார்புகளை, வெளியே போவதும் உள்ளே வருவதும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். 0 என்றால் எல்லோரும் இதன் மேல் சாய்ந்திருக்கிறார்கள், 1 என்றால் இது மட்டும் மற்றவர்கள் மேல் சாய்ந்திருக்கிறது. அந்த எண்ணைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாறும் வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள்: 0க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாரம் மூன்று முறை மாறுகிற மாட்யூல் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மற்றபடி மெட்ரிக்ஸ் கருவிகள் தரும் வண்ண வண்ண அறிக்கைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆட்களையும் பாருங்கள்

கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968லேயே சொல்லிவிட்டார், ஒரு நிறுவனம் உருவாக்கும் டிசைன் அந்த நிறுவனத்தின் பேச்சுவார்த்தை வழிகளின் நகலாகத்தான் இருக்கும் என்று. அதனால் கமிட் வரலாற்றிலிருந்து இன்னொரு எண்ணையும் எடுங்கள்: ஒவ்வொரு ஃபைலையும் எத்தனை டீம்கள் தொடுகின்றன. ஆள் எண்ணிக்கை முக்கியமில்லை, டீம் எண்ணிக்கைதான். நாலு டீம் மாறி மாறி எழுதும் ஒரு ஃபைல் இருந்தால், நாலு வேறு காரணங்களுக்காக மாறும் விஷயங்கள் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. மறுபக்கம், ரிலீஸ் குறிப்பில் "முதலில் பேமென்ட்டை ஏற்றவும், அது முடிந்ததும் ஆர்டரை ஏற்றவும், நடுவில் யாரும் கை வைக்க வேண்டாம்" என்று அடிக்கடி வந்தால், தனித்தனி சர்வீஸ் என்று நாம் சொல்லிக்கொள்வது நெட்வொர்க் வழியாகப் பிளந்த ஒரே நிரல்தான். சேர்த்து வைத்திருந்தால் ஃபங்ஷன் அழைப்பாக முடிந்திருக்கும், பிளந்ததால் டைம்அவுட்டும் சேர்ந்துகொண்டது.

எல்லாமே தப்பு இல்லை

இந்தத் தேடலில் இறங்கினால் எதைப் பார்த்தாலும் தப்பாகத் தெரியும் ஒரு கட்டம் வரும், ஜாக்கிரதை. இரண்டு மாட்யூலில் ஒரே மாதிரி இருபது வரி இருக்கிறது என்பதற்காக அதை உருவிப் பொது இடத்தில் போடாதீர்கள். முதலில் வரலாற்றைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மாறியதே இல்லை என்றால் இன்று ஒரே மாதிரி இருப்பது தற்செயல், நாளை பிரிந்து போகும், சேர்த்து வைத்தால் பிரிப்பதுதான் கஷ்டம். புதிய வசதி ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மாதத்தில் பல மாட்யூல்கள் சேர்ந்து மாறுவதும் இயல்பு. அது அடங்கிய பிறகும் தொடர்ந்தால்தான் பேச்சு.

அளவுக்கு மீறிப் பிரித்ததும் ஒரு தப்புதான், அதை யாரும் தேடுவதில்லை. வாங்கியதை அப்படியே அடுத்த ஆளிடம் நீட்டும் மாட்யூல், ஒரே ஒருவர் மட்டும் அமல்படுத்தும் இன்டர்ஃபேஸ், ஒரு ஃபீல்டு சேர்க்க ஆறு அடுக்கில் ஆறு டிடிஓவை (டேட்டாவைச் சுமந்துபோக மட்டும் இருக்கும் கிளாஸ்) மாற்றுவது. இவையும் சேர்ந்து மாறும் பட்டியலில் மேலே வந்து நிற்கும். இதற்கு மருந்து இணைப்பது, இன்னும் பிரிப்பது அல்ல.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது

"கொஹீஷன் (உள்ளே ஒட்டுதல்) குறைவு, கப்ளிங் (வெளியே பிணைப்பு) அதிகம்" என்று எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். "கடந்த ஆறு மாதத்தில் விலை சம்பந்தமான 14 டிக்கெட்டில் 11 இந்த மூன்று மாட்யூலையும் தொட்டன, அவற்றில் 4 மறுபடி பிழையாகத் திரும்பி வந்தன" என்று எழுதுங்கள். ஒவ்வொரு குறைக்கும் கீழே, அடுத்து வரப்போகும் எந்த வேலை அதில் போய் முட்டும் என்று ஒரு வரி. அதை வைத்துத்தான் வரிசை போட வேண்டும். மூன்று வருடமாக யாரும் தொடாத ஒரு அசிங்கமான மாட்யூல் இருந்தால் பட்டியலில் கடைசியில் போடுங்கள், அல்லது போடவே வேண்டாம்.

பட்டியல் தயாரானதும் எல்லாவற்றையும் சரிசெய்ய நேரம் கிடைக்காது, ஆனால் மேலும் கெடாமல் தடுக்க ஒரு மதியம் போதும். ஜாவாவுக்கு ஆர்க்யூனிட், பைத்தானுக்கு இம்போர்ட் லின்டர், ஜாவாஸ்கிரிப்டுக்கு முன்னால் சொன்ன டிபென்டன்சி குரூசர். "வேர்ஹவுஸ் ஆர்டரை இம்போர்ட் செய்யக் கூடாது" என்பது மாதிரி விதிகளை எழுதி சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) மாட்டிவிடுங்கள். இன்று இருக்கும் மீறல்களை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு, புதிதாக வருபவற்றை மட்டும் தடுங்கள். ஆர்க்யூனிட்டில் இப்படி உறைய வைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. விலக்குப் பட்டியலில் யாராவது புதிதாக ஒரு வரி சேர்த்தால் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த சுற்றுத் தேடலைத் தொடங்கும்போது, ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கு முன் நான் திறந்து பார்ப்பது அந்த ஃபைலைத்தான்.